நிழல் விழாத தூரம்

காலைத் திருப்பலி முடிந்து, இறைமக்கள் தோட்ட வேலைக்கும் பள்ளிக்கும் பிரிந்து சென்ற பின், பங்கு இல்லத்தின் பின்கதவைத் திறந்துகொண்டு ஓடைப் பக்கம் இறங்குவது நமது வழக்கம். கையில் செபமாலை இருக்கும். கழுத்தில் கேமரா தொங்கும். இவ்விரண்டில் எதற்கு முதலில் வேலை வரும் என்பது அன்றைய வெயிலைப் பொறுத்தது என்று நமது உபதேசியார் கேலி செய்வதுண்டு. அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை.

கீழ்ப்பழனி மலையின் மடியில் கிடக்கும் ஒரு சிற்றூர் நமது பங்கு. காப்பித் தோட்டங்கள், அவற்றுக்கு நிழல் தரும் பலாவும் சில்வர் ஓக்கும், மலை வாழை, இடையிடையே ஆரஞ்சு மரங்கள், அவற்றினூடே மழைக்காலத்தில் மட்டும் சத்தமிடும் ஓடை. ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், இக்கட்டுரையில் பின்னர் வரவிருக்கும் சிறுவன் யாரென்று மறைமாவட்டம் முழுவதும் தெரிந்துவிடும்.

வண்ணத்துப்பூச்சிகள்மீது நமக்கு இளமை முதலே நாட்டம் இருந்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் அது உண்மையன்று. 2019ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ‘தமிழ் மறவன்’ என்னும் இனத்தை மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்தபோது, அப்படியொன்று நம் மலைக்காடுகளில் செம்மஞ்சள் தீப்பொறி போலத் திரிகிறது என்பதையே நாம் அறிந்திருக்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் 330க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு என்பதும் பின்னர் படித்ததே. குருத்துவ வெள்ளிவிழாவின்போது உடன்பிறந்தோர் ஒன்றுகூடி, ஒரு நிக்கான் கேமராவையும் 105 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றையும் வாங்கித் தந்தார்கள். திருவிழாக்களையும் திருமணங்களையும் படம்பிடிக்க அது உதவும் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். கடையில் விற்றவர் அருகிலிருப்பதைப் பெரிதாகக் காட்டும் லென்ஸைத் தந்துவிட்டார். திருமண வீட்டில் அதனைக் கொண்டு மணமகனின் மூக்கைப் படம்பிடிக்கலாம். எனவே அது பூச்சிகளுக்கு ஆனது.

இக்கலையைப் பற்றிச் சிறிது விளக்கினாலன்றிப் பின்னர் சொல்லப்போவது புரியாது. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். உண்மை உருவம் எவ்வளவோ அதே அளவில் படம் கேமராவின் உள்ளே விழுவதை ஒன்றுக்கு ஒன்று என்பார்கள். அவ்வளவு நெருங்கும்போது, லென்ஸின் முகப்புக்கும் பூச்சிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிகூட இராது. அந்நிலையில் படத்தில் தெளிவாக விழும் பகுதியின் ஆழம் மிக மிகக் குறைவு. லென்ஸின் துளையை எஃப்/8 என்ற அளவில் வைத்தால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். எஃப்/16 என்று சுருக்கினால் இரண்டு மில்லிமீட்டர். அதற்கு முன்னும் பின்னும் உள்ளவை யாவும் பனிமூட்டமே. கண்ணில் தெளிவு வைத்தால் உணர்கொம்பின் நுனி கரைந்துவிடும். சிறகில் வைத்தால் கண் போய்விடும். மேலும் சுருக்கலாம் என்றால், ஒளி தன் இயல்பின்படி துளையின் ஓரத்தில் சிதறிப் படம் முழுவதையுமே மழுக்கிவிடும். கொடுப்பதை ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துக்கொள்ளும் இந்த ஒளியியல் விதியை நாம் பலமுறை மனத்துக்குள் வைதிருக்கிறோம்.

இந்த ஒரு மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டுமானால், மூடிய சிறகின் பரப்பும் கேமராவின் முதுகும் இணைகோடுகள் போல நேராக இருத்தல் வேண்டும். இம்மியளவு சாய்ந்தாலும் சிறகின் பாதி மங்கும். நாம் மூச்சு விட்டால் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டி ஆடுவோம். காற்று அசைத்தால் பூ ஆடும். ஆகவே முழங்கையை மண்ணில் ஊன்றி, மூச்சை வெளியே விட்டு, அடுத்த மூச்சு வருவதற்கு முன்பான அச்சிறு இடைவேளையில் பொத்தானை அழுத்த வேண்டும். நூறு படங்கள் எடுத்தால் மூன்று தேறும். தேறிய நாள் நல்ல நாள்.

ஆரம்ப நாள்களில் ஒருமுறை, ஓடை மணலில் குப்புறப் படுத்து, கட்டைவிரல் நகத்தைவிடச் சிறியதான ஒரு நீலனைப் படம்பிடித்துக்கொண்டிருந்தோம். விறகு பொறுக்க வந்த மூதாட்டி ஒருவர் அதனைக் கண்டு, “ஐயையோ, சாமி மயக்கம் போட்டு விழுந்துட்டாரு!” என்று கூவி அரை ஊரைக் கூட்டிவிட்டார். நீலன் பறந்தது. நாம் எழுந்து, சேறு படிந்த முகத்தோடு அனைவருக்கும் தோத்திரம் சொன்னோம். ஒரு குருவானவர் முகங்குப்புற விழுந்து கிடக்க வேண்டிய தருணங்களாகத் திருவழிபாடு நமக்குக் கற்பித்தவை குருத்துவத் திருநிலைப்பாட்டின்போது பாடப்படும் புனிதர்களின் மன்றாட்டு மாலையும், பெரிய வெள்ளியின் வழிபாட்டுத் தொடக்கமுமே. பூச்சிக்காக விழுந்து கிடப்பது எந்தச் செந்நிற எழுத்து நெறியிலும் இல்லை. ஆயினும் அந்த மூதாட்டி அன்று முதல் நம்மைக் காணும்போதெல்லாம் அன்பு கூடியவராகவே இருக்கிறார். கீழே விழுந்த சாமியார்மீது மக்களுக்கு ஒரு பரிவு வந்துவிடுகிறது போலும்.

பூச்சியை நெருங்குவதற்கும் ஒரு முறை உண்டு. அதன் கூட்டுக்கண் நம் கண்ணைப்போல் நுணுக்கமாகக் காண்பதில்லை. ஆனால் அசைவை உடனே உணரும். வெள்ளை அங்கி உதவாது. மங்கிய பச்சைச் சட்டை நன்று. நேராக நடந்து செல்லலாகாது. அமர்ந்து, தவழ்ந்து, நின்று, மீண்டும் தவழ வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக நமது நிழல் அதன்மீது விழலாகாது. வெயிலில் உடலைச் சூடேற்றிக்கொண்டிருக்கும் பூச்சிக்கு, திடீரென விழும் நிழல் பறவையின் வருகை, அதாவது மரணம். பேதுருவின் நிழல் பட்டு நோயாளர் நலம்பெற்றதாகத் திருத்தூதர் பணிகள் நூலில் படிக்கிறோம். நமது நிழலோ பூச்சிகளையும் விரட்டுகிறது.

அவ்வாறு நெருங்கிய பின் காணக் கிடைப்பது வேறோர் உலகம். தொட்டால் விரலில் ஒட்டும் பொடி என்று சிறுவயதில் நாம் எண்ணியது பொடியன்று. ஓடு வேய்ந்ததுபோல் வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட நுண்செதில்கள். நீலன்களின் நீலம் பெரும்பாலும் சாயமன்று. செதிலின் நுண்ணிய அமைப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும் விதத்தால் எழும் நிறம். அச்சிறகை அரைத்துப் பார்த்தால் நீலம் கிடைக்காது. மறவன், வரியன் முதலியவை அடங்கிய குடும்பத்தின் பூச்சிகள் நான்கு கால்களில் மட்டுமே நிற்கின்றன. முன்னங்கால் இரண்டும் சிறுத்து, மார்போடு மடங்கிக் கிடக்கும். முதன்முதலில் அதனைப் படத்தில் கண்டபோது, கை கூப்பி நிற்கிறது என்றே ஒரு மறையுரையில் சொல்லிவிட்டோம். அக்கால்களால் அவை செடியைத் தட்டிச் சுவைத்து அறிகின்றன என்று பின்னரே படித்தோம். மறையுரையைத் திரும்பப் பெறும் வழி எதுவும் திருச்சபைச் சட்டத்தில் இல்லை.

குருமடத்தில் மெய்யியல் பயின்ற நாள்களில், அக்குவினா நகர்ப் புனித தோமையாரின் நூல்களைத் தேர்வுக்காகவே படித்தோம். நம்பிக்கை அறிக்கைக்கு அவர் தந்த விளக்கத்தின் முற்பகுதியில், மனித அறிவு எவ்வளவு வலுவற்றது என்பதற்கு ஓர் ஈயைச் சான்றாக நிறுத்துகிறார். ஒரே ஓர் ஈயின் இயல்பைக்கூட எந்த மெய்யியலாராலும் முற்றிலும் ஆராய்ந்துவிட முடிந்ததில்லை என்பது அவர் வாதம். தேனீயின் இயல்பை அறிய முப்பது ஆண்டுகள் தனித்திருந்த ஒருவரைப் பற்றியும் கூறுகிறார். அன்று அது நமக்கு ஒரு மேற்கோளாகவே பட்டது. ஓடை மணலில் முழங்கை தேய்ந்த பிறகே அது அனுபவம் என்று தெரிந்தது. அவிலா நகர்ப் புனித தெரேசாவோ, ஆன்மாவின் மாற்றத்தை விளக்கப் பட்டுப்புழு சிறகுபெறும் உவமையைத் தம் நூலில் விரிவாகக் கையாண்டுவிட்டு, தாம் அதனை நேரில் கண்டதில்லை, பிறர் சொல்லக் கேட்டதே, தவறிருந்தால் பழி தம்முடையதன்று என்றும் எழுதிவைத்தார். அந்த நேர்மை நமக்கு மிகவும் பிடிக்கும். திருவிவிலியத்தில் எறும்பு உண்டு, தேனீ உண்டு, வெட்டுக்கிளி உண்டு, ஆடையை அரிக்கும் அந்துப்பூச்சியும் உண்டு. வண்ணத்துப்பூச்சி மட்டும் இல்லை. ஒவ்வோர் உயிர்ப்புப் பெருவிழாவிலும் அதனை உவமையாக இழுக்கும் நம் போன்ற மறையுரையாளர்கள் இதனைச் சற்று நினைவில் கொள்வது நல்லது.

கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபையார் 1895ஆம் ஆண்டு நிறுவிய திரு இருதயக் கல்லூரியின் அருங்காட்சியகத்தை, குருமட மாணவராக இருந்தபோது ஒருமுறை கண்டோம். கண்ணாடிப் பெட்டிக்குள் ஊசியால் குத்தி வரிசையாக வைக்கப்பட்ட பூச்சிகள். வயதால் நிறம் மங்கியவை. அன்றைய குருக்கள் அறிவுக்காகச் செய்த உழைப்பு அது. அதனைக் குறைகூற நமக்கு அருகதை இல்லை. இருப்பினும் இறந்ததை வைத்திருப்பதைவிட, உயிரோடிருப்பதைப் படமாக மட்டும் எடுத்துக்கொண்டு திரும்புவது மேலானது என்ற எண்ணம், கேமரா கைக்கு வந்தபோது நமக்குள் சற்றே தலைநிமிர்ந்து நின்றது. அந்தத் தலைநிமிர்வைத்தான் இப்போது சொல்ல வேண்டும்.

கறிவேப்பிலை அழகி என்றொரு பூச்சி உண்டு. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடுவது. ஏறத்தாழ எல்லார் வீட்டுக் கொல்லைக்கும் வருவது. அதன் பெண்களில் சில ஆணைப் போலவே இருக்கும். வேறு சில, நச்சுக்கொடியை உண்டு வளர்வதால் பறவைகள் தீண்டாத சிவப்புடல் அழகி போன்ற பூச்சிகளின் வேடத்தைப் பூண்டு பறக்கும். பறவை ஏமாறும். லென்ஸ் வழியே உடலைப் பார்த்தால் போதும். உண்மையானதன் உடல் சிவப்பு, வேடதாரியின் உடல் கறுப்பு. பொய்தான், ஆனால் பாவமன்று. அதற்கு அறிவும் முழு விருப்பமும் வேண்டும் என்று ஒழுக்க இறையியல் கூறுகிறது. அவை இரண்டும் நமக்கு இருந்தன.

நம் பகுதியின் ஆரஞ்சு மரங்களை நாடி வரும் பெரும்பூச்சி ஒன்று உண்டு. ‘புளூ மார்மன்’ என்பார்கள். மகாராட்டிர அரசு 2015இல் தன் மாநிலப் பூச்சியாகத் தேர்ந்துகொண்டதும் அதுவே. உள்ளங்கையை முழுதும் மூடும் அளவு. கறுப்பு வெல்வெட்டின்மீது வெளிர்நீலத் திட்டுகள். ஓயாது பறக்கும். பூவில் தேன் உண்ணும்போதும் சிறகடித்துக்கொண்டேயிருக்கும். இரண்டு ஆண்டுகள் அதன் பின்னால் அலைந்தோம். கிடைத்தவை அனைத்தும் நீல மங்கல்களே. அந்த ஆண்டு ஆலயக் கூரைப் பழுதுபார்ப்புக்கு நிதி திரட்ட, நாம் எடுத்த படங்களைக் கொண்டு நாள்காட்டி ஒன்று அச்சிடுவதென்று பங்குப் பேரவை முடிவு செய்தது. முகப்புக்கு ஒரு பெரிய படம் வேண்டும் என்றார்கள்.

ஐப்பசி அடைமழையில் ஒரு மாலை, ஆலய முகமண்டபத்துச் சுவரில் புளூ மார்மன் ஒன்று ஒதுங்கியிருந்தது. பூச்சிகளைக் குளிரில் வைத்து மரத்துப்போகச் செய்து படம்பிடிப்போர் உண்டு என்று நாம் படித்திருந்தோம். உடல் ஏறத்தாழ 30 டிகிரி வெப்பத்தை எட்டினாலன்றி அவற்றால் நன்கு பறக்க இயலாது. குளிர்பதனப் பெட்டிக்குள் நிலவுவதோ நான்கைந்து டிகிரி. அசையாப் பொருளானால், தெளிவு விழும் இடத்தை இம்மியிம்மியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து, அவற்றைக் கணினியில் ஒன்றாக்கி, நுனி முதல் நுனி வரை தெளிந்த படம் பெறலாம். ஒரு நெகிழிப் பெட்டியைக் கவிழ்த்துப் பூச்சியைப் பிடித்தோம். பங்கு இல்லக் குளிர்பதனப் பெட்டியில், திருப்பலிக்கான திராட்சை இரசக் குப்பிக்கு அருகே அதனை இரவு முழுதும் வைத்தோம்.

விடியலில் மழை விட்டிருந்தது. மரத்துக் கிடந்ததை எடுத்து, தோட்டத்துச் செம்பருத்திப் பூவில் அமர்த்தி, சிறகுகளை ஒரு புல்லினால் மெல்ல விரித்துவிட்டோம். பூவின்மீது நீரும் தெளித்தோம். நாற்பது படங்கள். திருப்பலி மணி அடித்தது. உள்ளே சென்று உடை அணிந்து, இறைவனின் மேசைக்கு முன் நின்றோம். திரும்பி வந்தபோது பூச்சி செடியின் கீழே கிடந்தது. வெயில் பட்டுப் பறக்க முயன்று விழுந்திருக்க வேண்டும். பெட்டியின் விளிம்பில் சிக்கிய ஒரு சிறகின் ஓரம் முன்பே கிழிந்திருந்தது. எறும்புகள் அதனை மொய்த்து இழுத்துக்கொண்டிருந்தன. ஒரு பூச்சிதானே என்று சொல்லிக்கொண்டோம். கிழிந்த ஓரத்தைக் கணினியில் சரிசெய்தோம்.

படம் மிக அழகாக வந்தது. இதனையும் மறைக்கலாகாது.

திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று நாள்காட்டியை வெளியிட்டோம். அன்றைய வாசகங்கள் விழித்திருத்தலையும் காத்திருத்தலையும் பற்றியவை. நாள்காட்டியைக் கையில் ஏந்திப் பிரசங்கித்தோம்: இந்தச் சிறகுகளுக்காக இரண்டு ஆண்டுகள் காத்திருந்தோம், மழையில் நனைந்தோம், விடியலில் கிடைத்தது. சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை, சொன்னதோ பொய். பழைய ஒழுக்க இறையியல் நூல்களில் மன ஒதுக்கம் என்றொரு பகுதி வரும். எதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகாது என்று நுணுகி ஆராய்வது. அத்தேர்வில் நாம் நல்ல மதிப்பெண் பெற்றவர்.

மறைக்கல்வி வகுப்பில் ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் நாள்காட்டியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். தந்தை ஆரஞ்சுத் தோட்டத்தில் காவல் இருப்பவர். பள்ளி விட்டால் இவனுக்கு ஆடு மேய்ப்பது வேலை.

“சாமி, இது தேன் குடிக்கலியே. நாக்கைச் சுருட்டி வச்சிருக்கு பாருங்க. றெக்கையும் அசையாம நிக்குது. பூவுல உக்காந்தா இது றெக்கையை அடிச்சுக்கிட்டே இருக்குமே, எப்படி சாமி இப்படி உக்காந்துச்சு?”

நாம் உற்றுப் பார்த்தோம். அவன் சொன்னது சரி. சிறகின் ஒவ்வொரு செதிலும் தெளிந்திருந்த அப்படத்தில், உறிஞ்சுகுழல் கடிகாரச் சுருள்வில்லைப் போல் இறுகச் சுருண்டிருந்தது. நாற்பது படங்கள் எடுத்த நமக்கும், அச்சிட்டவருக்கும், வாங்கிய முந்நூறு பேருக்கும் தெரியாதது.

“ஆண்டவர் உட்கார வைத்தார்” என்று புன்னகையோடு விடையளித்தோம். வகுப்பு சிரித்தது. பாடம் நடத்திய அருட்சகோதரியும் சிரித்தார். பையன் அமர்ந்துவிட்டான்.

அன்றிரவு செபம் ஒட்டவில்லை. சிறியோருக்கு இடறலாக இருப்பதைப் பற்றி ஆண்டவர் கூறிய கடுஞ்சொல்லைப் பிறருக்கு நாம் பலமுறை விளக்கியிருக்கிறோம். ஏந்திரக் கல்லின் எடை அன்று சற்றுத் தெரிந்தது.

கிறிஸ்து பிறப்புக்கு முன் அண்டைப் பங்கின் மூத்த குருவானவரிடம் ஒப்புரவு அருட்சாதனம் பெறச் சென்றோம். அவர் தம் வாக்கின் முத்திரைக்குக் கட்டுப்பட்டவர். நாம் அவ்வாறு இல்லையாதலால் எழுதுகிறோம். பூச்சி, படம், மறையுரை என வரிசையாகச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டவர், “பூச்சி செத்தது கிடக்கட்டும். உம்ம பொய்க்கு ஆண்டவரை ஏன் சாட்சிக்குக் கூப்பிட்டீர்? பையன்கிட்ட போய்ச் சொல்லும். அதுதான் பரிகாரம்” என்றார். செபமாலை ஐந்து சொல்லச் சொல்லியிருந்தால் அன்று மாலையே முடித்திருப்போம். இதற்கு ஒன்பது நாள்கள் ஆயின.

தோட்ட வேலியோரம் ஆடுகளோடு நின்றவனிடம் நடந்ததைச் சொன்னோம். நம்மைவிட ஆடுகளையே அதிகம் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“ஃபிரிட்ஜ்லயா சாமி?”

ஆம் என்றோம்.

“அப்புறம் பறந்து போயிடுச்சா?”

இல்லை என்றோம்.

“எறும்பா?”

தலையசைத்தோம். ஓர் ஆடு வேலியைத் தாண்டப் போனது. ஓடிச்சென்று திருப்பிக்கொண்டு வந்தான். மன்னிப்பைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை. நாமும் கேட்கும் துணிவற்று நின்றோம். கடைசியில், “எங்க அம்மாகிட்ட சொல்லலாமா சாமி?” என்றான். சொல் என்றோம். இதற்கு மட்டும் அவன் முகம் மலர்ந்தது.

மறு ஞாயிறு மறையுரையில் இதனை அறிக்கையிட வேண்டும் என்று குறிப்புகூட எழுதி வைத்திருந்தோம். தேவை எழவில்லை, சனிக்கிழமைக்குள் ஊரே அறிந்திருந்தது. “ஒரு பூச்சிக்குப் போயி சாமி இம்புட்டு மருகுறாரே” என்றார் பழைய மூதாட்டி. உபதேசியாருக்கு வருத்தம், குருவானவர் சின்னப் பையனிடம் போய்த் தாழ்ந்து நிற்பதா என்பது அவர் கட்சி. பேரவையில் ஒருவர், நாள்காட்டிக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று விளையாட்டாகக் கேட்டார். விளையாட்டு முழுவதும் விளையாட்டாக இல்லை. பலர் அந்நாள்காட்டியை ஆண்டு முடிந்த பின்னும் கழற்றவில்லை. படம் அழகாக இருக்கிறதாம். வீடு மந்திரிக்கச் செல்லும்போது, திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பூச்சி சுருட்டிய நாக்கோடு இன்னும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, பையன் பங்கு இல்லத்தின் பின்கதவைத் தட்டினான்.

“சாமி, கருப்பு நீலம் ஓடையில உக்காருது. வாங்க. வெள்ளைச் சட்டை வேணாம்.”

ஓடை வற்றியிருந்தது. மேல் வளைவில், மாடுகள் நீர் அருந்தவும் சிறுநீர் கழிக்கவும் செய்த ஈர மணல். அங்கே நான்கு புளூ மார்மன்கள். மலர்த்தேனில் கிடைக்காத உப்பைத் தேடி ஆண்பூச்சிகள் இவ்வாறு ஈர மண்ணுக்கு வரும். அவ்வாறு சேர்த்த உப்பைச் சேர்க்கையின்போது பெண்ணுக்கு மணக்கொடையாக அளிக்கும். நாம் நூலில் படித்திருந்தோம். எந்த வளைவில், எந்த மாதத்தில், எத்தனை மணிக்கு என்பதை அவன் அறிந்திருந்தான்.

“அந்தப் பக்கமா வராதீங்க சாமி, வெயில் முதுகுல இருக்கு, நிழல் விழும். பாறையைச் சுத்தி வாங்க.”

சுற்றி வந்தோம். முதல்முறை நெருங்கியபோது நான்கும் எழுந்தன. படுத்த இடத்திலேயே கிடந்தோம். அரை மணி கழித்து இரண்டு திரும்பின. நம் முழங்கை ஒரு கூழாங்கல்லில் அழுந்தி மரத்தது. மீண்டும் எழுந்தன. பையன் நமக்குப் பின்னால் குந்தியிருந்தான். அவ்வளவு நேரம் அவன் பேசாதிருந்து நாம் மறைக்கல்வி வகுப்பில் கண்டதில்லை. மூன்றாம் முறை ஒன்று மட்டும் வந்து, நம் முகத்துக்கு ஒரு முழத்துக்குள் அமர்ந்தது. சற்று நேரம் சிறகடித்தது, பின் நிறுத்தியது. குடித்துக்கொண்டே வால்புறத்திலிருந்து துளித்துளியாக நீரைப் பீச்சியது. பையனுக்குச் சிரிப்பு தாளவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டான். ஒன்பது படங்கள் எடுத்தோம். பூச்சி தானாகவே எழுந்து, ஆரஞ்சு மரங்களின் மேலாகப் பறந்து போயிற்று.

கேமராவின் பின்புறத் திரையில் படங்களை ஒவ்வொன்றாக அவனுக்குக் காட்டினோம். எட்டு பயனற்றவை. ஒன்பதாவதில் பின்சிறகு மங்கியிருந்தது. ஒரு புல் குறுக்கே விழுந்து நீலத் திட்டைப் பாதி மறைத்திருந்தது. நாள்காட்டிக்கு ஆகாது. பையன் திரையில் தலைப்பகுதியைப் பெரிதாக்கச் சொன்னான். பெரிதாக்கினோம். இன்னும் என்றான். ஈர மணலின் ஒரு பரல் பளபளக்க, அதன் அடியில் கறுப்பு நூல் ஒன்று நேராக இறங்கியிருந்தது.

“நாக்கை நீட்டியிருக்கு சாமி” என்றான்.